எழுத்தாய் மாறிய தேசப்படம்

தேசப்படம் என்றவுடன் பாடசாலைச் சுவரிலே தொங்கும் பெரிய தாளே பலருக்கும் நினைவுக்கு வரும். கடல் நீலமாயும், மலை கபிலமாயும், ஆறுகள் மெல்லிய கோடுகளாயும் அதிலே தீட்டப்பட்டிருக்கும். அத்தாளுக்குப் பின்னால் நில அளவையாளர் பலருடைய பல்லாண்டு உழைப்பு உண்டு. சங்கிலியும் கோணமானியும் சுமந்து காடு மேடெல்லாம் திரிந்து அவர்கள் குறித்துவந்த அளவுகளைப் படவரைஞர் தாளிலே அமைத்தனர். அச்சகத்தார் அதனை அச்சிட்டனர். ஆயின், அச்சிட்டு முடிந்த அன்றே அப்படம் பழையதாகத் தொடங்கிவிடும். புதிய வீதி திறக்கப்படும். பழைய பாலம் வெள்ளத்தோடு போகும். ஆற்றின் முகத்துவாரம் இடம் மாறும். தாளிலுள்ள கோடோ அசையாது நிற்கும். அடுத்த பதிப்பு வரும்வரை அப்பிழையோடு வாழ்வதன்றி மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

கடந்த அறுபது ஆண்டுகளுக்குள் இந்நிலை மாறிவிட்டது. இன்று கைத்தொலைபேசியிலே விரல் பட்டவுடன் விரியும் தேசப்படத்தின் மூலம் ஓர் ஓவியம் அன்று. எங்கோ ஓரிடத்திலே அட்டவணைகளாகவும் எழுத்து வரிகளாகவும் சேமிக்கப்பட்டிருக்கும் செய்திகளே அதன் மூலம்; படம் அச்செய்திகளிலிருந்து ஆக்கிக் கொடுக்கப்படுவது. இம்மாற்றத்துக்கு இரண்டு கருவிகள் காரணமாயின. ஒன்று, செய்திகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் தரவுத்தளம். மற்றொன்று, அச்செய்திகளை ஒரு கணினியிடமிருந்து இன்னொரு கணினி பொருள் மயங்காது பெற்றுக்கொள்ள உதவும் குறிமொழி; எக்ஸ்.எம்.எல். என வழங்குவது அதுவே. தனித்தனியே பிறந்து வளர்ந்த இவ்விரண்டும் ஒன்றுகூடிய வரலாறு அறிஞர் சிலருடைய கதை மட்டுமன்று. தேசப்படம் யாருக்கு உரியது என்ற பழைய வழக்குக்குப் புதிய தீர்ப்பு எழுதிய கதையும் அதுவே.

எந்தத் தேசப்படமும் இரண்டு செய்திகளைச் சொல்கின்றது. ஒரு பொருள் எங்கே இருக்கின்றது என்பது முதலாவது. அப்பொருள் யாது என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பதால் விளையும் பயனுக்கு 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் சோகோப் பகுதியில் நிகழ்ந்தது சிறந்த சான்றாகும். அங்கே வாந்திபேதி பரவி 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் இறந்தோர் வாழ்ந்த வீடுகளைத் தெருப்படமொன்றிலே சிறு கோடுகளாற் குறித்தார். கோடுகள் புரோட் தெருவில் இருந்த நீர்ப்பம்பியொன்றைச் சூழ்ந்து நெருங்கிக் காணப்பட்டன. நோய் காற்றினாற் பரவுகின்றது என்று பலரும் நம்பிய காலத்தில், அது நீரினாற் பரவுகின்றது என்ற அவருடைய கொள்கைக்கு அப்படம் துணைநின்றது. இறப்பின் பட்டியலும் தெருவின் படமும் தனித்தனியே கிடந்திருப்பின் அவ்வுண்மை அத்துணைத் தெளிவாக வெளிப்பட்டிராது.

ஸ்னோ கையாற் செய்த வேலையை ஒரு பெருநாட்டின் அளவிற் செய்ய வேண்டிய தேவை 1960ஆம் ஆண்டுகளிற் கனடா நாட்டுக்கு ஏற்பட்டது. பயிர்ச்செய்கைக்குரிய நிலம் எது, காட்டுக்குரியது எது, வனவிலங்குக்கு விடத்தக்கது எது என அறிவதற்காக அந்நாட்டு அரசாங்கம் ஏறக்குறையப் பத்து இலட்சம் சதுர மைல் பரப்பை ஆராயத் தொடங்கியது. ஒவ்வொரு வினாவுக்கும் ஒவ்வொரு படம். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பரப்பைக் கணக்கிடுவதற்குப் போதிய ஆட்கள் கிடைப்பது அரிதாயிருந்தது. றோஜர் தொம்லின்சன் என்னும் புவியியலாளர் இவ்வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கலாம் என்று கூறி, அதற்கான அமைப்பை உருவாக்குவதில் முன்னின்றார். அவ்வமைப்பில் எல்லைக்கோடுகள் எண்களாக மாற்றப்பட்டு ஒரு பக்கத்திலும், நிலத்தின் இயல்பைக் கூறும் விவரங்கள் மற்றொரு பக்கத்திலும் வைக்கப்பட்டன. இரண்டும் தொடரிலக்கத்தாற் பிணைக்கப்பட்டன. எங்கே என்பதும் யாது என்பதும் பிரிந்து நின்று, வேண்டும்போது கூடும் நிலை அப்பொழுதே தோன்றியது. கணினிவழிப் புவியியல் தகவல் முறையின் தந்தை என்று தொம்லின்சன் பின்னாளிற் போற்றப்பட்டமைக்கு இதுவே காரணம்.

தரவுத்தளம் என்பது யாது? இலங்கையர் இதனை ஒரு பழைய உதாரணத்தால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒல்லாந்தர் இந்நாட்டின் கரையோரங்களை ஆண்ட காலத்தில் தோம்பு என்னும் பதிவேடுகளை எழுதுவித்தனர். நிலத்துக்கு ஒரு தோம்பு, குடிகளுக்கு ஒரு தோம்பு என அவை அமைந்தன. ஒருவனுடைய பெயரைக் குடித்தோம்பிலே கண்டு, அவனுக்குரிய காணியை நிலத்தோம்பிலே தேடி, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதனால் அரசாங்கம் தனக்கு வேண்டிய விடையைப் பெற்றது. கணினியில் உள்ள தரவுத்தளமும் இவ்வாறே பல அட்டவணைகளின் தொகுதியாகும். 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் கொட் என்னும் கணித அறிஞர், அட்டவணைகளுக்கிடையே உள்ள உறவுகளைக் கணிதமுறையில் வரையறுத்து ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். செய்தி எந்தப் பெட்டியில், எந்த வரிசையில் இருக்கின்றது என்பதை அறியாமலே, வேண்டிய வினாவை மட்டும் கேட்டு விடைபெறும் வழியை அது திறந்துவிட்டது. இன்று வங்கிகளும் வைத்தியசாலைகளும் அரசாங்கத் திணைக்களங்களும் கையாளும் தரவுத்தளங்களிற் பெரும்பாலானவை அவருடைய கொள்கையை அடியொற்றியவை.

ஆயினும், தேசப்படத்தைத் தரவுத்தளத்துக்குள் அடக்குவதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பெயர்களை அகரவரிசையில் அடுக்கலாம். எண்களைச் சிறியது முதற் பெரியதாக நிரைப்படுத்தலாம். அகராதியிற் சொல்லைத் தேடுவது போல வேண்டியதை விரைவிற் கண்டுபிடிக்கலாம். ஓரிடத்தைக் குறிக்கவோ அகலக்கோடு, நெடுங்கோடு என இரண்டு எண்கள் வேண்டும். அகலக்கோட்டின்படி அடுக்கினால், கொழும்புக்கு அருகே ஒரே அகலக்கோட்டில் ஆபிரிக்க ஊர்களும் தென்னமெரிக்க ஊர்களும் வந்து நிற்கும். இவ்விடர்ப்பாட்டை நீக்கும் வழியொன்றை 1984ஆம் ஆண்டில் அன்ரனின் கட்மன் என்பவர் வெளியிட்டார். ஒவ்வொரு பொருளையும் சுற்றி ஒரு நீள்சதுரம் இடுக. அண்மையில் உள்ள நீள்சதுரங்கள் சிலவற்றைச் சூழ்ந்து பெரியதொரு நீள்சதுரம் இடுக. அவற்றைச் சூழ்ந்து இன்னும் பெரியதொன்று இடுக. கிராமங்கள் பல சேர்ந்து பிரிவாகவும், பிரிவுகள் சேர்ந்து மாவட்டமாகவும் அமைவது போன்றது இது. மட்டக்களப்பிலே ஒரு வீட்டைத் தேடுவோர் யாழ்ப்பாணத்து வீடுகளை ஒவ்வொன்றாய்ப் பார்க்க வேண்டியதில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தின் வெளிச்சுவரிலேயே திரும்பிவிடலாம். கிளைத்துச் செல்லும் மரத்தைப் போன்ற இவ்வமைப்பினாற் பல இலட்சம் இடங்களுள் வேண்டியதொன்றைக் கண்ணிமைக்கும் பொழுதிற் கண்டெடுக்கும் ஆற்றல் கணினிக்கு வாய்த்தது.

கட்மன் ஆராய்ச்சி செய்த கலிபோர்ணியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்திலேயே 1986ஆம் ஆண்டில் மைக்கல் ஸ்ரோன்பிறேக்கர் என்னும் பேராசிரியரின் தலைமையிற் போஸ்கிறெஸ் என்னும் தரவுத்தளத் திட்டம் தொடங்கிற்று. எண்ணும் எழுத்தும் அன்றிப் புதுவகைப் பொருள்களையும் ஏற்கத்தக்கதாய் அது அமைக்கப்பட்டது. அதன் வழிவந்த போஸ்கிறெஸ்கியூவெல் என்னும் தரவுத்தளம் யாவரும் விலையின்றிப் பெற்றுத் திருத்தி வழங்கத்தக்க உரிமையோடு வெளியிடப்பட்டது. 2001ஆம் ஆண்டிற் கனடாவின் விக்ரோறியா நகரில் உள்ள ஒரு சிறு நிறுவனத்தார், புள்ளி, கோடு, பரப்பு என்பவற்றை அத்தரவுத்தளம் விளங்கிக்கொள்ளும்படி போஸ்ற்ஜிஸ் என்னும் இணைப்பை உருவாக்கினர். அதன் பின்னர், இந்த ஆற்றங்கரையிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்குள் உள்ள பாடசாலைகள் எவை என்று தரவுத்தளத்திடமே நேராகக் கேட்கலாம் என்றாயிற்று. பெரும் பொருள் செலவிட்டு வாங்க வேண்டியிருந்த ஆற்றல் ஏழை நாட்டு மாணவனுக்கும் கிட்டியது.

இனி, குறிமொழியின் வரலாற்றுக்கு வருவோம். பழைய ஏட்டுச் சுவடிகளிலே மூலமும் உரையும் மேற்கோளும் இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும். புள்ளியிடும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை முதலிய பதிப்பாசிரியர்கள் அவற்றை ஆராய்ந்து, மூலம் இது, உரை இது எனப் பிரித்துப் பதிப்பித்தபோதே கற்போர் மயக்கமின்றிப் படிக்கலாயினர். கணினிக்கும் இத்தகைய உதவி வேண்டும். எழுத்துத் தொடரொன்றைக் கண்டால் அதிலே தலைப்பு எது, பெயர் எது, விலை எது என்பதைக் கணினி தானே அறியாது. ஒவ்வொரு பகுதியின் முன்னும் பின்னும் அதன் பொருளைக் கூறும் அடையாளம் இட வேண்டும். 1969ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்திற் சாள்ஸ் கோல்ட்பாப் என்பவரும் அவருடைய தோழர் இருவரும் சட்டப் பத்திரங்களைக் கையாளுதற்காக இத்தகைய குறிமுறையொன்றை வகுத்தனர். அது விரிவடைந்து 1986ஆம் ஆண்டிற் சர்வதேச நியமமாயிற்று. 1989ஆம் ஆண்டில் ரிம் பேணர்ஸ்-லீ முன்வைத்த உலகளாவிய வலையின் பக்கங்களும் இக்குறிமுறையின் எளிய வடிவத்திலேயே எழுதப்பட்டன. அவ்வடிவம் பக்கத்தின் தோற்றத்தைக் கூறுதற்குப் போதியதாயினும், பல துறைச் செய்திகளின் பொருளைக் கூறுதற்குப் போதியதாகவில்லை. ஆகவே, ஒவ்வொரு துறையினரும் தமக்கு வேண்டிய அடையாளச் சொற்களைத் தாமே ஆக்கிக்கொள்ளத்தக்க புதிய குறிமொழி 1998ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் வெளியிடப்பட்டது. எக்ஸ்.எம்.எல். பிறந்தது இவ்வாறே.

அதற்கு முன்பே வலையிலே தேசப்படங்கள் தோன்றிவிட்டன. 1993ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாவில் இருந்த சீறொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் உலகப்படம் ஒன்றை வலையில் வைத்தது. பார்ப்பவர் ஓரிடத்தைத் தெரிந்தால், தொலைவிலுள்ள கணினி புதிய படம் ஒன்றை வரைந்து அனுப்பும். 1996ஆம் ஆண்டில் மப்குவெஸ்ற் என்னும் சேவை அமெரிக்கருக்கு வழிகாட்டத் தொடங்கியது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் மப்சேர்வர் என்னும் மென்பொருள் உருவாகியது. ஆனால் இவற்றிடையே பொதுமொழி ஒன்று இருக்கவில்லை. வனத் திணைக்களம் ஒருவகைக் கோப்பில் எழுதும். நீர்ப்பாசனத் திணைக்களம் வேறொரு வகையில் எழுதும். ஒன்றை மற்றொன்று படிக்க மாட்டாது. ஒரே ஆற்றை இரண்டு அலுவலகத்தார் இரண்டு முறை அளந்து வரையும் வீண்செலவு உலகெங்கும் நிகழ்ந்தது.

இக்குறையைப் போக்குவதற்காக 1994ஆம் ஆண்டில் அரசாங்கங்களும் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து திறந்த புவியியல் தகவல் முறைக்கான கூட்டமைப்பு ஒன்றை நிறுவின. அக்கூட்டமைப்பு 2000ஆம் ஆண்டில் இரண்டு முக்கியமான நியமங்களை வெளியிட்டது. முதலாவது, வலைவழிப் படச்சேவை நியமம். இதன்படி, படம் வைத்திருக்கும் கணினியிடம் யாது உளது என்று முதலிற் கேட்டால், தன்னிடமுள்ள படலங்களின் பெயர்களையும் அவை அடக்கும் எல்லைகளையும் எக்ஸ்.எம்.எல். மொழியிற் பட்டியலிட்டு அது விடைகூறும். பின்னர், இன்ன எல்லைக்குள் இன்ன படலத்தை வரைக என்று கேட்டால் படத்தை அனுப்பும். வேறுவேறு நாட்டுக் கணினிகள் அனுப்பிய படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கவும் இது இடந்தந்தது. இரண்டாவது, ஜி.எம்.எல். என்னும் புவியியற் குறிமொழி. கனடாவின் வன்கூவர் நகரைச் சேர்ந்த றொன் லேக் என்பவர் அதன் ஆக்கத்தில் முன்னின்றார். அது படத்தை அனுப்புவதன்று. படத்துக்கு மூலமான பொருளையே அனுப்புவது. இது பாலம், இதன் பெயர் இன்னது, இது தாங்கும் பாரம் இத்துணை, இது அமைந்துள்ள இடம் இது என்று எழுத்தாலே கூறுவது. படத்தைப் பெற்றவர் பார்க்க மட்டுமே முடியும். பொருளைப் பெற்றவர் எண்ணலாம், அளக்கலாம், ஆராயலாம், தம் தரவுத்தளத்தோடு சேர்க்கலாம். 2007ஆம் ஆண்டில் இக்குறிமொழி சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டது.

குறிமொழியிற் குறையும் இல்லாமற் போகவில்லை. ஒரு சிறு புள்ளியைக் கூறுதற்கும் முன்னும் பின்னும் அடையாளச் சொற்கள் நிறைந்து, சரக்கினும் கட்டுக்கயிறே பாரமாயிற்று. ஜி.எம்.எல். எல்லாத் துறைக்கும் இடமளிக்க முயன்றதனாற் கற்றற்கு அரியதாய் நின்றது. ஆகவே எளிய உறவினர் சிலர் அதன் பக்கத்தே தோன்றினர். 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ஜி.பி.எக்ஸ். என்னும் வடிவம், செய்மதி வழி இடங்காணும் கருவி பதிந்த தடங்களைப் பரிமாறுதற்கு உதவியது. கீஹோல் என்னும் நிறுவனம் ஆக்கிய கே.எம்.எல்., அந்நிறுவனத்தை 2004ஆம் ஆண்டிற் கூகிள் நிறுவனம் வாங்கிய பின்னர் உலகெங்கும் பரவியது. 2008ஆம் ஆண்டில் அதுவும் பொது நியமமாயிற்று. தம் ஊர்க் கோயிலையோ பிரயாணம் செய்த பாதையையோ குறித்து நண்பருக்கு அனுப்பப் பொதுமக்களும் கற்றுக்கொண்டனர்.

2005ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் கூகிள் தன் தேசப்படச் சேவையைத் தொடங்கியபோது வலைப்படத்தின் தோற்றமே மாறியது. ஒவ்வோர் அசைவுக்கும் முழுப்படத்தையும் புதிதாய் வரைவதை விடுத்து, உலகைச் சிறு ஓடுகளாக வெட்டி வைத்து, வேண்டிய ஓடுகளை மட்டும் பக்கத்தை மாற்றாமலே தருவிக்கும் முறையை அது கையாண்டது. பெரும்பாலான வலைப்படங்கள் இன்றும் கைக்கொள்ளும் கணக்கு இதுவாகும்: முதற் படியில் உலகம் முழுவதும் ஓர் ஓட்டில் அடங்கும், ஒவ்வொரு படி நெருங்கும்போதும் ஓடுகள் நான்கு மடங்காகும். வீடுகள் தனித்தனியே தெரியும் பதினெட்டாம் நெருக்கத்தில் ஓடுகளின் தொகை 6,871 கோடிக்கு மேற்படும். அத்தனையையும் யாரும் முன்கூட்டியே வரைந்து வைப்பது அரிது. கடலும் பாலைவனமும் யாராலும் கேட்கப்படாமலே கிடக்கும். கேட்கப்படும் ஓட்டைக் கேட்கும்போது தரவுத்தளத்திலிருந்து ஆக்கி, மறுமுறைக்காகச் சேமித்து வைப்பதே சிக்கனமான வழியாயிற்று.

படம் இலவசமாகக் காணக் கிடைத்தது. ஆனால் அதற்கு மூலமான தரவு கிடைக்கவில்லை. படம் காட்டுபவர் ஒருவர். அதன் உரிமையாளர் இன்னொருவர். பயன்படுத்துவோர் அவர் விதித்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டோர். பிரித்தானியாவில் 1791ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அரசாங்க நில அளவை நிலையத்தின் படங்களும் பதிப்புரிமைக்கு உட்பட்டிருந்தன. பொதுமக்களின் பணத்தில் வளர்ந்த நிலையத்தின் தரவைப் பொதுமக்களே விலைகொடுத்துப் பெற வேண்டியிருப்பது முறையோ என்ற கேள்வி அங்கே எழுந்தது. 2004ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பயின்ற ஸ்ரீவ் கோஸ்ற் என்னும் இளைஞர், யாவரும் சேர்ந்து வரைந்து யாவருக்கும் உரியதாக்கும் தேசப்படம் ஒன்றை ஓப்பன்ஸ்றீற்மப் என்னும் பெயரில் தொடங்கினார். செய்மதிக் கருவிகளிற் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசாங்கம் 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கியிருந்தமையால், துவிச்சக்கர வண்டியிற் செல்லும் ஒருவரும் தெருவொன்றைத் தக்க நுட்பத்தோடு பதியக்கூடிய காலம் அதுவாயிருந்தது.

அத்திட்டத்தின் அமைப்பு வியக்கத்தக்க எளிமை வாய்ந்தது. அங்கே பொருள்கள் மூன்றே. ஓரிடத்தைக் குறிக்கும் புள்ளி; புள்ளிகளை வரிசையாய்க் கோத்த பாதை; புள்ளியையும் பாதையையும் சேர்த்துக் கூறும் உறவு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. திருத்தப்பட்ட தடவையைக் கூறும் பதிப்பெண் உண்டு. இன்ன பண்பு, இன்ன மதிப்பு என்று கூறும் இணைச்சொற்கள் உண்டு. தெரு எனின் அதன் வகையும் பெயரும்; வைத்தியசாலை எனின் அதன் பெயர். இவையெல்லாம் எக்ஸ்.எம்.எல். வரிகளாகவே எழுதிப் பரிமாறப்பட்டன. மனிதர் கண்ணாற் படிக்கவும் கணினி படிக்கவும் கூடிய வரிகள் அவை. எந்தெந்தப் பண்பைக் குறிக்கலாம் என்று முன்கூட்டியே வகுத்த கடுமையான பட்டியல் இல்லை. தேவை எழும்போது புதிய சொல்லை ஆக்கிக்கொள்ளலாம். இச்சுதந்திரம் ஒழுங்கின்மைக்கு வழிவகுக்கும் என்று அஞ்சியோர் பலர். அவ்வச்சம் முற்றிலும் பொய்யாகவில்லை. ஒரே பொருளுக்குப் பல சொற்கள் வழங்கின. ஆயினும் அச்சுதந்திரமே பின்னர் ஓர் இக்கட்டான வேளையிற் பேருதவியாயிற்று.

இத்தரவின் மூலப்பிரதி 2009ஆம் ஆண்டிலிருந்து போஸ்கிறெஸ்கியூவெல் தரவுத்தளத்தில் வைக்கப்பட்டது. படம் வரைதற்குரிய பிரதி போஸ்ற்ஜிஸ் இணைப்போடு கூடிய வேறொரு தரவுத்தளத்தில் அமைந்தது. யாரேனும் ஒருவர் ஒரு பாதையைத் திருத்தினால், அத்திருத்தம் மட்டும் எக்ஸ்.எம்.எல். கோப்பாகி நிமிடந்தோறும் வெளியாகும். உலகின் எந்த மூலையிலும் பிரதி வைத்திருப்போர் அதனைப் பெற்றுத் தம் பிரதியைப் புதுப்பித்துக்கொள்வர். அச்சுப் பதிப்புக்காகப் பல்லாண்டு காத்திருந்த காலம் போய், மூலத்துக்கும் பிரதிக்கும் இடையே ஒரு நிமிட வேற்றுமை மட்டுமே நின்றது.

இத்தகைய கருவிகளின் அருமையை ஆபத்து வேளையே காட்டுகின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் கரைகளை அழித்தது. காணாமற்போனோர் யாவர், முகாம்கள் எங்கே உள்ளன, எந்த முகாமுக்கு எப்பொருள் வேண்டும் என்று அறிய முடியாமல் உதவி புரிய வந்தோர் இடர்ப்பட்டனர். இலங்கையின் கணினி வல்லுநர் தொண்டர்களாய் ஒன்றுகூடிச் சில நாட்களிலேயே வலைவழித் தரவுத்தளமொன்றை ஆக்கினர். அதற்குச் சகன எனப் பெயரிட்டனர். சிங்கள மொழியில் அது ஆறுதலைக் குறிக்கும் சொல். அதனையும் யாவரும் பெற்றுப் பயன்படுத்தத்தக்க உரிமையோடு வெளியிட்டமையால், 2005ஆம் ஆண்டிற் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும் அது பயன்பட்டது. துன்பத்திற் பிறந்த கருவி பிற நாட்டாரின் துன்பத்தைத் துடைக்கச் சென்றது.

2010ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி மாலை கரிபியன் கடலில் உள்ள ஹெயிட்டி நாட்டைப் பெரும் பூமியதிர்ச்சி தாக்கியது. அதன் அளவு 7.0. தலைநகராகிய போட்-ஓ-பிறின்சில் இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். மாண்டோர் தொகை பற்றிய மதிப்பீடுகள் வேறுபடினும், அது ஓர் இலட்சத்துக்குக் குறையாது என்பர். அந்நாட்டின் தேசப்பட நிலையமும் இடிந்து விழுந்தது. பல நாடுகளிலிருந்து மீட்புப் படையினர் வந்திறங்கினர். ஆனால் எந்தத் தெரு எங்கே செல்கின்றது என்று காட்டும் நல்ல படம் அவர்கள் கையில் இல்லை. ஓப்பன்ஸ்றீற்மப் திட்டத்திலும் அன்றைய நாள்வரை அந்நகரின் பெருந்தெருக்கள் சிலவே காணப்பட்டன.

அடுத்த நாட்களிலே செய்மதி நிறுவனங்கள் புதிய ஒளிப்படங்களைப் பொதுப் பயனுக்காக வெளியிட்டன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் வீட்டிலிருந்த தொண்டர்கள் அவ்வொளிப்படங்களைப் பார்த்துத் தெருத்தெருவாய் வரைந்தனர். நூலகங்களில் இருந்த பழைய தாட்படங்களிலிருந்து பெயர்களை எடுத்துச் சேர்த்தனர். ஒரு மாதத்துக்குள் 600க்கு மேற்பட்டோர் இப்பணியிற் பங்குகொண்டனர். இடிந்த கட்டிடம், அடைபட்ட தெரு, திடலிலே தோன்றிய கூடார முகாம் என்பவற்றைக் குறிக்கப் புதிய அடையாளச் சொற்கள் வேண்டியிருந்தன. கடுமையான பட்டியலுள்ள அமைப்பாயின் அச்சொற்களைச் சேர்ப்பதற்குக் குழு கூட வேண்டும். தீர்மானம் நிறைவேற வேண்டும். இங்கோ தொண்டர் தம்முள் இணங்கி அச்சொற்களை உடனே எழுதத் தொடங்கினர். தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. புதுப்பிக்கப்பட்ட தரவு கைக்கருவிகளுக்கேற்ற கோப்பாக மாற்றப்பட்டது. மீட்புப் படையினர் அதனைத் தம் கருவிகளில் ஏற்றிக்கொண்டு இடிபாடுகளினிடையே வழிகண்டு சென்றனர். இலங்கையிற் பிறந்த சகன அமைப்பும் அங்கே வைத்தியசாலைகளின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டது. வைத்தியசாலையின் இடத்தையும் நிலையையும் கூறும் எக்ஸ்.எம்.எல். வடிவத்திலும் அவ்விவரங்கள் வழங்கப்பட்டமையாற் பிற அமைப்புக்களும் அவற்றை மறுபடி தட்டெழுதாது பெற்றுக்கொண்டன.

இவ்வெற்றியிலும் ஒரு குறை உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. வானத்திலிருந்து எடுத்த ஒளிப்படம் தெருவின் வளைவைக் காட்டும். அத்தெருவை அயலார் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதைக் காட்டாது. கிணறு தெரியும், அதன் நீர் குடிக்கத்தக்கதோ என்பது தெரியாது. இதனை உணர்ந்த தொண்டர்கள் 2010ஆம் ஆண்டிலேயே ஹெயிட்டிக்குச் சென்று, அந்நாட்டு மக்களே தம் ஊரைப் பதியப் பயிற்சி அளித்தனர். அவ்வாண்டிலேயே மனிதாபிமானப் பணிக்கென ஒரு தனி அமைப்பும் உருவாயிற்று. தொலைவிலுள்ளோர் கோடு வரையலாம். பெயரும் பொருளும் ஊராரிடமிருந்தே வர வேண்டும் என்பது ஹெயிட்டி கற்பித்த பாடம்.

உரிமை பற்றிய வழக்கும் எளிதில் முடியவில்லை. ஓவியத்துக்கும் நூலுக்கும் ஏற்ற உரிமைப்பத்திரம் தரவுத்தளத்துக்குப் பொருந்தாது என்று கண்ட ஓப்பன்ஸ்றீற்மப் திட்டத்தார், நீண்ட விவாதத்தின் பின்னர் 2012ஆம் ஆண்டிலே தரவுத்தளத்துக்கென வகுத்த புதிய உரிமைப்பத்திரத்துக்கு மாறினர். இணங்காதோர் வரைந்த பகுதிகள் நீக்கப்பட்டன. உழைத்து வரைந்த தெருக்கள் சில ஊர்களில் மறைந்தன. அவற்றைத் தொண்டர் மீண்டும் வரைந்தனர். பிரித்தானிய நில அளவை நிலையமும் 2010ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே தன் தரவுகளிற் சிலவற்றைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது.

எக்ஸ்.எம்.எல். மொழியின் தனியாட்சியும் நிலைக்கவில்லை. உலகம் முழுவதையும் அடக்கிய கோப்பு மிகப் பெரிதாய் வளர்ந்தமையால், மனிதர் படிக்க இயலாத, ஆயின் சுருக்கமான இருமக் கோப்பாகவும் அதனை வழங்கலாயினர். வலைப்பக்கங்களுக்கு ஜியோஜேசன் என்னும் எளிய வடிவம் விருப்பமாயிற்று. அது 2016ஆம் ஆண்டில் இணைய நியமமாக வெளியிடப்பட்டது. வரைந்த ஓட்டுக்குப் பதிலாகத் தரவையே ஓடுகளாக அனுப்பிப் பார்ப்பவரின் கருவியிலேயே வரைவிக்கும் முறையும் பரவியது. ஆயினும் எக்ஸ்.எம்.எல். நிலைநாட்டிய கொள்கை இவை எல்லாவற்றிலும் தொடர்கின்றது. செய்தி தன் பொருளைத் தானே சொல்ல வேண்டும். எழுதிய நிறுவனம் அழியினும் பிறர் படிக்கக்கூடியதாய் இருக்க வேண்டும். அதன் இலக்கணம் யாவருக்கும் வெளிப்படையாய் இருக்க வேண்டும் என்பதே அக்கொள்கை.

முற்காலத்தில் அரசன் நிலத்தை அளப்பித்தது வரி வாங்கவும் படை நடத்தவுமே. படம் அவனுடைய பெட்டகத்தில் இருந்தது. குடிகள் அதனைக் கண்டதும் இல்லை. இன்று குடிகளே தம் ஊரை எழுதுகின்றனர். எழுதியதைத் தரவுத்தளம் காக்கின்றது. பொதுவான குறிமொழி அதனைப் பிறரிடம் சேர்க்கின்றது. இவ்விரண்டையும் கையாளக் கற்ற சமுதாயம், வெள்ளமோ புயலோ வரும் நாளில் தன் தெருக்களைத் தேடிப் பிறர் வாயிலில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் ஆபத்து வந்த பின்னர் வரையத் தொடங்குவது காலங்கடந்த முயற்சி. ஹெயிட்டித் தொண்டரின் விரைவு போற்றுதற்குரியதே. எனினும், அத்தெருக்கள் அதற்கு முன்பே எழுதப்பட்டிருப்பின் முதல் நாளிலேயே வழி தெரிந்திருக்கும். ஊரிலுள்ள ஒரு பாலத்தையும் ஒரு வைத்தியசாலையையும் ஒரு நல்ல கிணற்றையும் அமைதியான நாளில் பதிந்து வைப்பது சிறிய வேலை. அதன் பயனை அறிபவர் பெரும்பாலும் பதிந்தவர் அல்லர். என்றோ ஒருநாள் இருளில் வழி தேடி வரும் வேறொருவரே.